ஐந்தரைக்கு மைதானம் காலியாக வேண்டும்: பாடசாலை அணியைப் பயிற்றுவிப்போருக்கு

முதலாந் தவணை தொடங்கி இரண்டு கிழமை போனால் எந்தப் பாடசாலையிலும் ஒரே காட்சிதான். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் இருட்டும்வரை மைதானத்தில் நிற்பார்கள். கணித ஆசிரியர் ஓய்வறையில் முகம் சுளிப்பார். ஏழு மணிக்கு வீடுபோய்ச் சேர்ந்த பிள்ளை கொப்பியைத் திறந்தபடியே நித்திரையாகிவிடும். "நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்து" என்று அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லி என்ன பயன்? நேரம் அதன் கையில் இல்லையே. பயிற்சி எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும், எந்தக் கிழமை ஓய்வு, எந்தப் போட்டிக்கு யார் போவது என்பதையெல்லாம் பயிற்றுவிப்பவர்தான் முடிவுசெய்கிறார். படிப்பும் விளையாட்டும் முட்டிக்கொள்ளும் இடத்தை விலக்கிவிட வேண்டியவரும் அவரே.

இங்கே சொல்வதெல்லாம் தரம் 9 முதல் 13 வரையான பிள்ளைகளுக்கு. திருகோணமலையின் வெயில், மழை, பஸ், ரியூசன் நான்கையும் கணக்கில் எடுத்தே சொல்கிறோம்.

ஜனவரிக்கு முன்பே ஒரு பெரிய தாள்

ஏ3 தாள் ஒன்றில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போடுங்கள். முதலில் பரீட்சைகளைச் சிவப்பில் எழுதுங்கள். அடுத்து மழை, நோன்பு, திருவிழா. போட்டிகள் கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றக்கூடாது. போட்டிகளை முதலில் எழுதினால் பரீட்சைக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

ஏ.எல். (உயர்தரம்) ஓகஸ்டில், ஓ.எல். (சாதாரண தரம்) டிசம்பரில் என்று மனதில் பதிந்த பழைய நாட்காட்டியை மட்டும் நம்பியிருக்க முடியாது. கொரோனாக் காலத்தில் குழம்பிய திகதிகள் பல ஆண்டுகளுக்குப் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை அந்த ஆண்டு நவம்பர் 25இல்தான் தொடங்கியது. மழை வெள்ளத்தால் இடையில் சில நாள் நிறுத்தவும் வேண்டிவந்தது. அதே ஆண்டுக்குரிய சாதாரண தரம் 2025 மார்ச்சுக்குப் போனது. அதாவது இல்ல விளையாட்டுப் போட்டிக் காலமும் ஓ.எல். பரீட்சையும் ஒரே வாசலில் வந்து நின்றன. பரீட்சைத் திணைக்களம் திகதி அறிவித்த அன்றே தாளைத் திருத்துங்கள். ஓ.எல். தொகுதிப் பிள்ளையை அந்த முறை இல்லப் போட்டியில் ஒரேயொரு நிகழ்ச்சிக்கு மட்டும் விடுங்கள். இல்லத் தலைவர்கள் முறைப்பாடு செய்வார்கள். கேட்டுக்கொண்டு அப்படியே விட்டுவிடலாம். முழு மூச்சாகப் போட்டியிடும் ஆண்டைத் தரம் 10இல் வைத்துத் திட்டமிட்டால் வலயம், மாகாணம் என்று மேலே போகவும் வழியிருக்கும், பரீட்சையும் கெடாது.

ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று மழை. சேறான மைதானத்தில் ஓடவிட்டால் கணுக்கால் மடங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். மைதானமும் சேர்ந்து கெடுவதுதான் பலர் கண்ணில் படுவதில்லை. ஸ்பைக்ஸ் கிண்டிய குழிகள் மழை விட்டதும் கல்லாகக் காய்ந்து, ஏப்ரலில் வேறொரு பிள்ளையின் காலைப் பதம் பார்க்கும். மழை மாதங்களை மண்டபத்துக்குள் உடற்பலப் பயிற்சிக்கும் பாடத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.

பங்குனியில் கோணேஸ்வரத் திருவிழா வரும். நோன்பு ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகரும். 2025இல் அது மார்ச் மாதம் முழுக்க இருந்தது. நோன்பு பிடிக்கும் பிள்ளைக்கு அந்த மாதம் ஓட்டப் பயிற்சி வேண்டாம். பந்து கட்டுப்பாடு, அஞ்சலோட்டக் கோல் மாற்றல், பாய்ச்சலுக்கான அடிக்கணக்கு போன்ற மூச்சு வாங்காத வேலை 30 நிமிடம் போதும். அதையும் பின்னேரப் பயிற்சியின் கடைசியில் வைத்தால் பிள்ளை வீடுபோய்ச் சேர்ந்து நோன்பு திறக்கும்போது தண்ணீர் குடிக்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நகரத்தில் கலப்பு அணியை வைத்திருப்பவர்கள்தான் மறந்துபோவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை இருப்பதால் அன்றைய பயிற்சிக்கும் இதே கவனம் வேண்டும்.

கிழமைக்கு மூன்று, அதிகம் போனால் நான்கு

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டு வாங்குங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே ரியூசன், வீடு எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இருபது துண்டுகளை வரிசையாக வைத்துக் கோடு போட்டு எண்ணினால் ரியூசன் குறைந்த இரண்டு பின்னேரங்கள் தாமாகவே தெரியும். பயிற்சிக்கு அவைதான் நாள். பயிற்றுவிப்பவருக்கு வசதியான நாளைப் போட்டுவிட்டு "ரியூசனா, ரீமா?" என்று பிள்ளையிடம் கேட்டால் அது ஒருநாள் ரியூசனைக் கட் அடிக்கும், மறுநாள் உங்களைக் கட் அடிக்கும். இரண்டு இடத்திலும் பொய் சொல்லப் பழகும்.

பாடசாலை 1.30க்கு விடும். பின்னேரப் பயிற்சி நாளில் 2.15 வரை சாப்பாடும் இளைப்பாறலும், 2.15இலிருந்து 3.30 வரை வகுப்பறையில் படிப்பு; அரை மணி நேரம் உடுப்பு மாற்ற, தண்ணீர் குடிக்க; 4.00இலிருந்து 5.15 வரை மைதானம். பதினைந்து நிமிடத்தில் கோன், பந்து எல்லாம் பொறுக்கி எடுத்து 5.30க்குப் படலை பூட்ட வேண்டும். இந்த ஐந்தரையில் ஒரு நிமிடமும் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஜூனில் ஆறரை மணிவரை வெளிச்சம் நிற்பதால் "இன்னும் ஒரு ரவுண்ட்" என்று கை தானாகவே விசிலுக்குப் போகும். நவம்பரில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும். நிலாவெளிக்கோ தம்பலகாமத்துக்கோ போகவேண்டிய பிள்ளைக்கு நீங்கள் எடுக்கும் பத்து நிமிடம் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு மணித்தியாலமாக மாறும். பெண் பிள்ளைகளை வீட்டார் மூன்றாம் கிழமையோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று குறைப்படும் பலர் தங்கள் விசில் நேரத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

மூன்றாவது தடவையாக விடியற்காலைப் பயிற்சி வைக்கலாம்: 6.00 முதல் 6.50 வரை. முகம் கழுவி, சாப்பிட்டு, 7.30க்கு வகுப்பில் இருக்க வேண்டும். இந்த வயதில் நாளுக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை தேவை. ஐந்து மணிக்கு எழும்ப வேண்டிய பிள்ளை ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும். ஆகவே முதல்நாள் பின்னேரம் பயிற்சியோ இரவு ரியூசனோ இருந்தால் மறுநாள் காலைப் பயிற்சி வேண்டாம். வைத்தால் முதற்பாடத்தில் தலை மேசையில் கிடக்கும், பழி விளையாட்டின் மேல் விழும். நான்காவது தடவை தேவைப்பட்டால் சனி காலை. ஞாயிறு ஒன்றும் இல்லை. அறநெறி வகுப்பும் வீடும் இருக்கட்டும்.

எல்லாம் சேர்த்துக் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? பிள்ளையின் வயதுக்கு மேல் போகக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய எல்லை. 14 வயதென்றால் 14 மணி. பாடசாலைப் பயிற்சி மட்டும் ஐந்தாறு மணிதானே என்று நினைக்க வேண்டாம். அதே பிள்ளை ஊர்க் கழகத்துக்குக் கால்பந்தும் கடற்கரையில் கரப்பந்தும் விளையாடும், வலய அணிக்கும் ஓடும். திங்கட்கிழமை வந்ததும் "சனி, ஞாயிறு எங்கே விளையாடினாய்?" என்று கேட்டு எழுதிவையுங்கள். திட்டக்கூடாது. திட்டினால் அடுத்த கிழமை உண்மை வராது.

திடீரென்று உயரம் வளரும் காலத்தில், பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 14ஐ ஒட்டியும், முழங்காற் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் நோவு வரும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசைநாண் ஈடுகொடுக்காமல் அந்த இடத்தை இழுப்பதுதான் காரணம். எண்ணெய் பூசி உருவிவிட்டு மறுபடி குதிக்கவிட வேண்டாம். பாய்ச்சல், படியேற்றம், குந்தி எழும்பல் மூன்றையும் நிறுத்துங்கள். நோகாத அளவுக்கு மட்டும் ஓடட்டும். வீங்கினாலோ நொண்டினாலோ வைத்தியரிடம்.

எழுபத்தைந்து நிமிடத்தில் என்ன செய்வது

நேரத்தைக் குறைத்தால் தரம் குறையும் என்று பயப்படுபவர்கள் ஒருநாள் நிறுத்தற்கடிகாரத்தோடு தங்கள் பயிற்சியையே பார்க்க வேண்டும். இரண்டரை மணிநேரப் பயிற்சியில் ஒரு பிள்ளை வரிசையில் காத்து நிற்பதே பாதி நேரமாக இருக்கும். 12 நிமிடம் உடல் சூடேற்றல், 8 நிமிடம் ஓட்ட நுட்பம், 35 நிமிடம் அன்றைய முக்கிய வேலை, 10 நிமிடம் உடற்பலம், 10 நிமிடம் மெல்ல நடந்து தசை தளர்த்தல். முக்கிய வேலை நாளுக்கு ஒன்றுதான்.

4×100 அஞ்சலோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்த 35 நிமிடத்தில் ஒரேயொரு கோல் மாற்றத்தை மட்டும் பழக்குங்கள். கோல் கைமாற வேண்டிய பகுதியான மாற்றல் வலயம் 30 மீற்றர். வாங்குபவர் வலயத்தின் தொடக்கக் கோட்டில் நின்று, வருபவரின் திசையில் பாதத்தோடு பாதம் வைத்து எண்ணிக்கொண்டே போகட்டும். தரம் 9, 10 பெண் பிள்ளைகளுக்கு 18 பாதம், பெரிய பையன்களுக்கு 22 முதல் 24 பாதம் என்று தொடங்கலாம். அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. வருபவரின் உடம்பு அந்தக் கோட்டைத் தாண்டும் கணத்தில் வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் முழு வேகத்தில் பாய வேண்டும். இரண்டு எட்டுத் தூரம் நெருங்கியதும் வருபவர் "கை!" என்று கத்துவார், அதன் பிறகே கை பின்னால் நீள வேண்டும். முதலாமவர் வலக்கையில் கொண்டுவந்து இரண்டாமவரின் இடக்கையில் கொடுப்பார், அவர் மூன்றாமவரின் வலக்கையில், அவர் நான்காமவரின் இடக்கையில். கோல் கைமாறும் இடம் வலயத்துக்குள் இருக்கிறதா என்பதைக் கோலை வைத்தே நடுவர் பார்ப்பார், காலை வைத்தல்ல.

வந்தவர் முட்டிக்கொண்டு நின்றால் வாங்குபவர் தாமதமாகக் கிளம்பியிருக்கிறார். கோட்டை இரண்டு பாதம் பின்னே தள்ளுங்கள். எட்டிப் பிடிக்கவே முடியாவிட்டால் இரண்டு பாதம் உள்ளே எடுங்கள். முழு வேகத்தில் ஆறு தடவை, நடுவே மூன்று நிமிட ஓய்வு. ஏழாவது வேண்டாம். களைத்தவர் மெதுவாக வருவார், அந்த வேகத்துக்குப் பொருந்தும்படி கோட்டை உள்ளே எடுப்பீர்கள், போட்டியன்று அவர் புத்துணர்ச்சியோடு வந்து முன்னவரின் முதுகில் மோதுவார். பழகுவதில் கோல் விழாமல் போட்டியில் மட்டும் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிள்ளையின் பதற்றத்தின் மேல் பழி போடுவது எளிது. இன்னொன்று: வெறுங்காலால் 20 பாதம் என்று அளந்ததை ஸ்பைக்ஸ் போட்டு அளந்தால் தூரம் கூடிவிடும். எதைப் போட்டு ஓடுவாரோ அதையே போட்டு அளக்கட்டும். எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதி, வேறு மைதானத்துக்குப் போனால் போட்டியன்று காலையில் ஒருதடவை சரிபாருங்கள். புல்லில் வந்த கணக்கு செயற்கைத் தளத்தில் அப்படியே பொருந்தாது.

கச்சான் காற்றடிக்கும் மாதங்கள்

மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வியர்வையை உடம்பில் நிற்கவிடாமல் உலர்த்திவிடும். சட்டை நனையாததால் பிள்ளை தண்ணீர் இழக்கவில்லை என்று எண்ணிவிடுவோம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். 50 கிலோ பிள்ளை ஒரு கிலோ குறைந்திருந்தால் நூற்றுக்கு இரண்டு வீதம் போய்விட்டது, அதற்கு மேல் ஓட்டமும் கெடும், இரவில் படிப்பும் ஏறாது. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருதடவை நான்கைந்து மிடறு, ஏறக்குறைய 200 மி.லீ., விசிலடித்து எல்லாரையும் ஒன்றாகக் குடிக்கவையுங்கள். விரும்பினால் குடியுங்கள் என்றால் பின்னால் நிற்கும் கூச்ச சுபாவப் பிள்ளை குடிக்காது. ஆளுக்கொரு ஒன்றரை லீற்றர் போத்தல், பெயர் எழுதியிருக்க வேண்டும். ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றல் தூள்) கரைத்தால் பொதியில் போட்டிருக்கும் அளவு நீரிலேயே கரையுங்கள். "கொஞ்சம் கட்டியாக இருக்கட்டும்" என்று நீரைக் குறைத்தால் வயிறு கொதிக்கும்.

பரீட்சைக்காகவோ மழைக்காகவோ வீட்டுக்குள் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு வெயில் பழக பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். முதல் மூன்று நாளும் பாதி வேலைதான்.

நீண்ட தூர ஓட்டத்தை இதற்குள் சேர்த்துப் பார்க்க வேண்டாம், அதற்குத் தனிக் கவனம் தேவை. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தில் பாடசாலை மரதன் ஓடிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். காலை ஏழரைக்கு முன் கடைசிப் பிள்ளையும் ஓடி முடிக்கும்படி தொடக்க நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பழகாத பிள்ளையை இல்லப் புள்ளிக்காக இறக்கக்கூடாது. ஓடும்போது மயங்கியதுண்டா, நெஞ்சு நொந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் உண்டா என்று மூன்றும் வீட்டாரிடம் கேட்க வேண்டும். ஒன்றுக்கு ஆம் என்றாலும் வைத்தியர் பார்க்காமல் ஓடக்கூடாது. ஓட்டப் பாதையில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஓர் ஆள், தண்ணீர், தொலைபேசி. பிள்ளை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கதைத்தால், வாந்தியெடுத்தால் அது வெறும் களைப்பில்லை. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். அதே நேரம் வேறொருவர் 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கட்டும். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும்.

வயிற்றுக்கு

விலைகூடிய பவுடர் ஒன்றும் வேண்டாம். காலையில் வெறும் பிளேன்ரீயோடு வரும் பிள்ளைதான் பிரச்சினை. காலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம். முடிந்ததும் அவித்த கடலையோ கௌபியோ ஒரு கோப்பை, அவித்த முட்டை ஒன்று, பாண் இரண்டு துண்டு. வீட்டில் புட்டும் மீன் குழம்பும் கட்டிக் கொடுத்தால் அதைவிட நல்லது வேறில்லை. பின்னேரப் பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம் முன் மத்தியானச் சோறு முடிந்திருக்க வேண்டும், 3.30க்கு ஒரு பிடி கச்சான் போதும் (காற்றைச் சொல்லவில்லை, கடலையைத்தான்). கிழமைக்கு ஒரு பெற்றோர் என்று முறை வைத்துக் கடலை அவித்து அனுப்பச் சொன்னால் செலவு பெரிதாக வராது.

தவறிய பாடக் கொப்பி

விளையாடும் பிள்ளையின் புள்ளி குறைவது களைப்பால் மட்டுமில்லை. போட்டிக்கும் தெரிவுக்குமாக அங்கொரு நாள் இங்கொரு நாள் வகுப்பைத் தவறவிடுகிறது. கணிதத்தில் காரணிப்படுத்தல் நடந்த இரண்டு நாள் இல்லாவிட்டால் அடுத்த மாதம் இருபடிச் சமன்பாடு ஒன்றும் விளங்காது. அந்த ஓட்டை எங்கே விழுந்தது என்று பிள்ளைக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் நினைவிராது.

80 பக்கக் கொப்பி ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்து ஆறு நிரல் போடச் சொல்லுங்கள்: திகதி, பாடம், தவறிய அலகு, யாருடைய கொப்பியிலிருந்து எழுதியது, செய்த கணக்கு எத்தனை, பாட ஆசிரியரின் கையொப்பம். போட்டி முடிந்து ஐந்து பாடசாலை நாளுக்குள் எல்லா நிரலும் நிரம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி நீங்களே பார்த்துக் கையொப்பமிடுங்கள். நிரம்பாத பிள்ளைக்கு அடுத்த பயிற்சியின் முதல் 30 நிமிடம் வகுப்பறையில்.

ஒவ்வொரு வகுப்பிலும் விளையாடாத ஒரு பிள்ளையைத் துணைக்கு ஒழுங்குசெய்யுங்கள். அன்றன்று கரும்பலகையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்ப அதன் வீட்டுத் தொலைபேசி போதும். படத்தைப் பார்த்தபடி விடக்கூடாது, கையால் எழுத வேண்டும். தொலைபேசியில் கிடக்கும் நூறு படங்களைப் பரீட்சைக்கு முதல்நாள் திறந்து ஆவதொன்றும் இல்லை. விஞ்ஞானச் செய்முறை தவறினால் கொப்பி பார்த்து எழுதுவது ஈடாகாது. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவரிடம் இன்னொரு வகுப்பின் செய்முறையில் சேர்ந்து நிற்க இடம் கேளுங்கள்.

2.15 மணிப் படிப்பு வேளை சரியாக நடந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் தரும். பத்து முதல் இருபது பேர், ஓர் அறை, தொலைபேசிகள் எல்லாம் மேசையில் ஒரு கூடையில். முதல் 20 நிமிடம் வீட்டுவேலை. அடுத்த 40 நிமிடம் கடந்தகால வினாத்தாளின் ஒரு பகுதி. விஞ்ஞானத்திலும் வரலாற்றிலும் முதற்பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள் உண்டு. அதில் 20 எடுத்தால் நேரம் சரியாக வரும். மிச்சம் 15 நிமிடம் பிழைகளைப் பார்க்க. பொறுப்புக்கு ஏ.எல். படிக்கும் மூத்த விளையாட்டு வீரர் ஒருவரை வைத்தால் அறை அமைதியாக இருக்கும். சின்னவர்கள் ஆசிரியரைவிட அந்த அண்ணாவுக்குத்தான் பயப்படுவார்கள். பயிற்றுவிப்பவரும் அந்த அறையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கட்டும். அவர் வெளியே பந்துக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றால் இருபது கண்ணும் யன்னலில் இருக்கும்.

தவணைப் புள்ளி விழுந்தால் உடனே அணியிலிருந்து நிறுத்துவது பலரின் வழக்கம். எங்கள் கணிப்பில் அது பிழை. நிறுத்தப்பட்ட பிள்ளை அந்தப் பின்னேரத்தில் புத்தகத்தோடு உட்காராது. உள்துறைமுக வீதியிலோ டச்சுக் குடாவிலோதான் நிற்கும். முன்னைய தவணையைவிட ஒரு பாடத்தில் 10 புள்ளி குறைந்தால் பயிற்சி நாளில் ஒன்றைக் கழித்து அந்த நேரத்தை அந்தப் பாடத்துக்குக் கொடுங்கள். மூன்று பாடத்தில் குறைந்தால் போட்டி ஒன்றைக் கழியுங்கள். உயர்தரத்துக்குப் போக ஓ.எல்லில் ஆறு பாடச் சித்தி வேண்டும். முதல்மொழியும் கணிதமும் அந்த ஆறில் அடங்க வேண்டும். மூன்று பாடத்திலாவது சி (திறமைச் சித்தி) அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும். ஆகவே கணிதம் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையை மற்ற எல்லாருக்கும் முன்னால் கவனியுங்கள்.

ஏ.எல். பிள்ளைகளுக்கு வரவும் ஒரு கணக்கு. பரீட்சைக்குத் தோற்ற 80 வீதம் கேட்பார்கள். போட்டிக்குப் போகும் நாள்களை வரவுப் பதிவேட்டில் எப்படிக் குறிப்பது என்று வகுப்பாசிரியரோடு முன்கூட்டியே பேசி, அதிபர் ஒப்பமிட்ட பெயர்ப்பட்டியலின் பிரதி ஒன்றை அவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

பரீட்சை நெருங்கும்போது

தவணைப் பரீட்சை என்றால் இரண்டு கிழமைக்கு முன் பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள். தடவைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். குறைப்பது நேரத்தைத்தான், வேகத்தையல்ல. ஆறு தடவை ஓடிய 150 மீற்றரை மூன்று தடவை அதே வேகத்தில் ஓடட்டும். கடினம் குறையாமல் கிழமைக்கு இரண்டு தடவை செய்தால் சேர்த்துவைத்த உடற்தகுதி மாதக்கணக்கில் பெரிதாக இறங்காது. முழுதாக நிறுத்தினால் இரண்டு மூன்று கிழமையிலேயே மூச்சு குறையத் தொடங்கும்.

ஓ.எல்., ஏ.எல். என்றால் மூன்று மாதத்துக்கு முன் அணிப் போட்டிகள் நிற்க வேண்டும். இரண்டு மாதம் இருக்கும்போது கிழமைக்கு இரண்டு தடவை 30 நிமிட மெல்லோட்டமும் உடற்பயிற்சியும், வீட்டருகிலேயே. அதையும் நிறுத்தச் சொல்லும் பெற்றோருக்கு, ஓடிவந்த பிள்ளை இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறது, ஓடாத நாளில் எத்தனை மணிக்கு என்று ஒரு கிழமை பார்க்கச் சொல்லுங்கள். பரீட்சை முடிந்து வருபவருக்கு முதற்கிழமை பாதி, இரண்டாம் கிழமை முக்கால், மூன்றாம் கிழமையே முழுப் பயிற்சி. முதல்நாளே நேரம் எடுத்துப் பார்க்கும் ஆசையில்தான் பின்தொடைத் தசை கிழியும்.

போட்டி நாள்

பஸ்ஸில் படிக்கலாம் என்று புத்தக மூட்டை கட்ட வேண்டாம். போகும்போது பாட்டு, வரும்போது நித்திரை, யாரும் படித்ததில்லை. மைதானத்தில் தகுதிகாண் ஓட்டத்துக்கும் இறுதிக்கும் இடையில் கிடக்கும் இரண்டு மூன்று மணிநேரத்தில்தான் பயனுண்டு. ஆளுக்கு ஒரு பல்தேர்வுத் தாளும் ஒரு பேனையும் கோப்புறையில் போடுங்கள். ஓட்டத்துக்கு 60 நிமிடம் முன் தாளை வாங்கிவிடுங்கள். அதன் பிறகு சூடேற்றல்தான். இரவு ஒன்பதுக்கு மேல் திரும்பினால் மறுநாள் முதலிரண்டு பாடத்துக்குத் தாமதமாக வர அதிபரிடம் அன்றே எழுத்தில் அனுமதி எடுத்துவையுங்கள்.

வீட்டார், சான்றிதழ்

"சேர், இவன் ஓடிக்கொண்டு திரிந்தால் நாளைக்குச் சோறு போடுமா?" என்று ஒரு தாய் கேட்டால் ஒலிம்பிக் கதை சொல்லாதீர்கள். தாளைக் காட்டுங்கள்: "அம்மா, கிழமைக்கு மூன்று நாள், ஐந்தரைக்கு விடுவேன், இது அவனுடைய பாடக் கொப்பி, இதில் நீங்களும் கையொப்பம் வையுங்கள்." பெரும்பாலான தாய்மாருக்கு விளையாட்டின் மேல் கோபமில்லை, எப்போது வருவான் என்று தெரியாமல் வாசலில் நிற்பதுதான் கோபம்.

விளையாட்டால் பல்கலைக்கழகம் போக வழியுண்டு. தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வைத்திருக்கிறது. சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்புகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஏ.எல்லில் மூன்று பாடமும் சித்தியாக வேண்டும். இதைத் தரம் 10இலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். ஓ.எல். தெரிவுப் பாடங்களில் சுகாதாரமும் உடற்கல்வியும் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே மைதானத்திலேயே நின்று பார்க்க வேண்டியவை நான்கு: பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, வயதுப்பிரிவு, ஆண்டு. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இல்லாவிட்டால் செயலாளர் மேசையை எடுப்பதற்குள் திருத்தி வாங்குங்கள். தந்தையின் பெயருக்குரிய ஆங்கில எழுத்து மாறிப்போன ஒரு சான்றிதழோடு மூன்று வருடம் கழித்துப் போனால், கையொப்பமிட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார். மூலப்பிரதி வீட்டில் பிளாஸ்ரிக் உறைக்குள், ஒரு பிரதி பாடசாலைக் கோப்பில், ஒரு படம் உங்கள் தொலைபேசியில். லமினேற் பண்ண வேண்டாம். பிரதியை உறுதிப்படுத்தப் போகுமிடத்தில் பின்பக்கம் முத்திரை குத்தக் கேட்பார்கள்.